பொட்டலத்துக்கு யார் ஜாமீன்?

டில்லி சரோஜினி நகரின் பழைய சர்க்கார் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ்க் குமாஸ்தாக்களின் இல்லங்களில், சம்பளம் வந்த மறுநாள் முதலில் நிரம்பியது அரிசி டின் அன்று, காப்பிப் பொடி டப்பாவே என்று சொன்னால் அது மிகையாகாது. அந்தக் குடியிருப்புகளில் பல இன்று இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. ஆயினும், விநாயகர் கோவிலில் தரிசனம் முடித்துத் திரும்புகிற வழியில், காப்பிக் கடையில் “பீபெரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி, சிக்கரி நூற்றுக்கு இருபது” என்று சொல்லி, கண்ணெதிரே அரைத்துத் தரும் பொட்டலத்தை இளஞ்சூட்டோடு கையில் வாங்கும்போது உண்டாகும் திருப்தி மாறவில்லை. கேட்டதுதான் அதில் இருக்கிறது என்பதற்குக் கடைக்காரரின் முகத்தைத் தவிர வேறு ஜாமீன் இல்லை என்பதும் மாறவில்லை.

இந்த ஜாமீனை ஏற்கவேண்டியவை காப்பித் தொழிலின் சங்கங்களே என்பது என் அபிப்பிராயம். 1893-இல் தோன்றிக் குன்னூரிலிருந்து இயங்கும் தென்னிந்தியத் தோட்டக்காரர் கூட்டமைப்பான ‘உபாசி’ முதல் குடகு, சேர்வராயன் மலைகளின் தோட்டக்காரர் சங்கங்கள் வரை, இவற்றின் குரல் டில்லியில் ஒலிப்பதெல்லாம் பெரும்பாலும் வரி, கடன், கூலி, ஏற்றுமதி ஆகிய விஷயங்களைப் பற்றியே. அவை நியாயமான விஷயங்கள்தாம். ஆனால் குடிப்பவரை மறந்த தொழிலுக்கு ஆபத்துக் காலத்தில் புகலிடம் இராது.

முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். உலகச் சந்தை சரிந்திருந்த 1930-களில், காப்பித் தீர்வைக் கமிட்டி உள்நாட்டிலேயே ருசியை வளர்க்க முற்பட்டு, 1936-இல் பம்பாயில் முதல் காப்பி ஹவுஸைத் திறந்தது. யுத்தத்தால் ஐரோப்பியச் சந்தை அடைபட்டபோது, 1942-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பி போர்டின் அதிகாரத்தை உறுதிசெய்து, விளைச்சல் முழுவதையும் பொதுத் தொகுப்பில் சேர்த்து விற்கும் முறையை நிலைநாட்டியது. பணம் தாமதமாக வருகிறதென்று விவசாயிகள் குறைகூறிய அந்த முறை, 1992 முதல் படிப்படியாகத் தளர்ந்து 1996-இல் முடிவுற்றது. விற்பனைச் சுதந்திரம் வந்தது, சில ஆண்டுகளிலேயே உலக விலை வீழ்ச்சியும் வந்தது. விளைச்சலில் பெரும்பகுதியைக் கப்பலேற்றும் நாட்டில், பிரேஸிலில் மழை நன்றாகப் பெய்தால் பத்து ஹெக்டேருக்கும் குறைந்த நிலமுடைய நம் சிறு விவசாயி கலங்க நேருகிறது. எண்ணிக்கையில் தோட்டங்களுள் மிகப் பெரும்பாலானவை அத்தகைய சிறு தோட்டங்களே என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆகவே, நம் வீட்டு டிகாக்ஷனே அந்தச் சிறு விவசாயிக்கு நம்பகமான சந்தையாக வேண்டும். சிக்கரி கலந்த பொடியில் காப்பி நூற்றுக்கு 51-க்குக் குறையலாகாது என்றும், கலப்பின் விகிதத்தைப் பாக்கெட்டின்மேல் அச்சிடவேண்டும் என்றும் சட்டம் இருக்கையில் சங்கம் எதற்கு என்று கேட்கலாம். சட்டம் குற்றத்தைத் தண்டிக்குமேயன்றித் தரத்தைப் போற்றாது. அரைத்துத் தரும் காகிதப் பொட்டலத்தில் அச்சும் இராது. சிக்கரி கலப்பது பாவமன்று, நம்மில் பலருக்கு அதுவே ருசி. எவ்வளவு கலந்தது என்பதைச் சொல்லாமல் விடுவதே பிழை. இசைந்து வரும் கடைகளுக்குச் சங்கங்கள் ஒரு முத்திரை வழங்கி, கொட்டையின் தரம், விளைந்த மலை, வறுத்த தேதி, சிக்கரியின் அளவு ஆகிய நான்கையும் சிறு சீட்டில் எழுதி ஒட்டச் செய்து, அவ்வப்போது மாதிரி எடுத்துச் சோதித்து, தவறிய கடையின் முத்திரையைத் தயவின்றித் திரும்பப் பெறலாம். செலவு அதிகமாகாது, அங்கத்தினர் சிலரின் மனஸ்தாபத்தைத் தாங்கும் துணிவுதான் வேண்டும்.

அந்தச் சீட்டு ஒட்டப்படும் நாளில், சரோஜினி நகரில் பில்டரின் மேல்தட்டில் பொடியை அழுத்தி வெந்நீர் ஊற்றுகிற பெண்மணி, தாம் குடிப்பது ஏற்காட்டுக் கொட்டையா, சிக்மகளூர்க் கொட்டையா என்பதைப் படித்து அறிவார். அடுத்த மாதம் அதையே பெயர் சொல்லிக் கேட்பார். மலைமேல் இருக்கும் விவசாயிக்கு அந்தக் கேள்வியைவிட உறுதியான ஆதரவு விலை வேறில்லை.