வெட்டுவது பர்தான்

காற்றில் ஓடும் டை கிரைண்டர் இல்லாமல் வீட்டில் சிலிண்டர் ஹெட் போர்ட்டிங் (போர்ட் எனும் காற்றுவழிகளைக் குடைந்து சீராக்குவது) செய்யவே முடியாது, அதன் வேகமும் கைக்கடக்கமும் வேறெதிலும் வராது என்கிறார்கள். கைக்கடக்கம் சரி. மற்றது தவறு.

ஒன்று: அந்தக் கருவி இடைவிடாமல் காற்று கேட்கும். வீட்டுச் சின்ன கம்ப்ரஸர் ஈடு கொடுக்குமா? டேங்க் அழுத்தம் இறங்கியதும் வேகமும் இறங்கிவிடும். மின் கிரைண்டருக்கு இந்தத் தொல்லையே இல்லை.

இரண்டு: கிரைண்டர் முனையில் சுழன்று வெட்டும் பர்ரைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? வார்ப்பிரும்புக்கான குறுக்குவெட்டு கார்பைடு பர்ரை அலுமினிய ஹெட்டில் வைத்துப் பாருங்கள். நெருக்கமான பற்களுக்கிடையே உலோகம் அப்பிக்கொள்ளும். பிறகு வெட்டாது, தேய்க்கும். அலுமினியத்துக்கு அகன்ற பள்ளமுள்ள பர் வேண்டும், அவ்வப்போது கொஞ்சம் மெழுகும்.

மூன்று: நீளத் தண்டு பர்ரை முழு வேகத்தில் ஓட்டினால் தண்டு அதிரும். வால்வு சீட் ஓரத்தில் ஒரு துள்ளல், சீட் போச்சு. இதற்கா அந்த வேகம்?

காற்றுக் கருவி வாங்காமல் மிச்சமாகும் பணத்தில் போர்ட்டை அளக்கும் கருவி வாங்குங்கள். எல்லா போர்ட்டும் ஒரே அளவா என்று பார்க்காமல், எதை வைத்துக் குடைந்துதான் என்ன?