எங்கள் கோபத்துக்கு வடிகால் வேண்டாம்

"கோவம் நியாயந்தானுங்க தோழர். ஆனா அதுக்கு ஒரு வடிகால் வேணுமில்லைங்களா?"

கோவையில் இலக்கியம் பேசுகிற, முற்போக்கு பேசுகிற, மனிதநேயம் பேசுகிற நண்பர்கள் தலித்துகளைப் பார்த்துத் தவறாமல் சொல்கிற வாக்கியம் இது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலும் சொல்கிறார்கள், கருத்தரங்கில் மைக் பிடித்தும் சொல்கிறார்கள். கொஞ்ச காலமாக அந்த வடிகாலுக்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள்: ராக் இசை. தப்பட்டையோடு கிட்டாரைச் சேர், டிரம்ஸைச் சேர், தொண்டை கிழியக் கத்து, வேர்க்க விறுவிறுக்க ஆடு. கோபம் வடிந்துவிடும். மறுநாள் காலையில் நல்ல பிள்ளையாக வேலைக்குப் போகலாம்.

வடிகால் என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த நகரத்தின் வடிகாலில் இறங்கியவர்கள் யார்? கிராஸ்கட் ரோட்டுக் கடைகளின் கழிவையும் நூறடி ரோட்டு ஓட்டல்களின் கழிவையும் அள்ளிய கைகள் எந்தச் சாதியின் கைகள்? மலக்குழியில் மனிதரை இறக்கக்கூடாது என்று 2013இல் சட்டம் போட்ட பிறகும் இந்த நாட்டில் மலக்குழிச் சாவுகள் நிற்கவில்லை. வடிகால் என்பது மேலே இருப்பவன் தனக்கு வேண்டாததைக் கண்ணில் படாமல் கீழே அனுப்புகிற ஏற்பாடு. எங்கள் கோபத்தையும் அப்படித்தான் அனுப்பப் பார்க்கிறார்கள். நாறக்கூடாது, தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். வகுப்பில் வெகுளாமை அதிகாரத்தை நடத்தும்போதெல்லாம் எங்கள் பெஞ்சைப் பார்த்துத்தான் நடத்துவார்கள். அந்த அதிகாரத்தின் முதல் குறள் யாருக்குச் சொல்லப்பட்டது? தன் சினம் பலிக்கிற இடத்தில் அதை அடக்குகிறவனே அடக்கியவன் என்கிறது அது. அதாவது கை ஓங்க முடிந்தவனுக்கு, அதிகாரம் உள்ளவனுக்குச் சொன்ன புத்தி. பலிக்காத இடத்தில் சினம் தீது என்பது அதற்கடுத்த குறளில் வருகிறது. முதலாவதை ஊர்க்காரனுக்கு யாரும் சொல்வதில்லை. இரண்டாவதை மட்டும் சேரிக்கு மனப்பாடம் செய்து வைக்கிறார்கள்.

தொல்காப்பியத்துக்குப் போவோம். மெய்ப்பாடுகள் எட்டு. அழுகைக்கும் உவகைக்கும் சமமாக வெகுளிக்கும் அங்கே இடமுண்டு. அதை நோயென்றோ குற்றமென்றோ ஒதுக்கவில்லை. அது பிறக்கும் களன்கள் நான்கு என்று காரணம் சொல்கிறது. அந்த நான்கையும் கொங்கு மண்ணில் வைத்துப் படிக்கிறேன்.

ஒன்று உறுப்பறை, உறுப்பைத் துண்டிப்பது. 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலில் வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தான் என்பதற்காகக் கடத்தப்பட்ட பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை துண்டான உடலாகக் கிடந்தான். பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2022 மார்ச் வரை ஒரு தாய் நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டியிருந்தது.

இரண்டு குடிகோள், சுற்றத்துக்கும் குடிக்கும் கேடு சூழ்வது. 2019 டிசம்பர் 2, விடியாத நேரம், மேட்டுப்பாளையம் நாடூர். மழையில் ஒரு பெருஞ்சுவர் எங்கள் சனங்களின் ஓட்டு வீடுகள் மேல் சாய்ந்து 17 பேர் செத்தார்கள். தீண்டாமைச் சுவர் என்று சொல்லி நீதி கேட்டுத் திரண்டவர்களுக்குக் கிடைத்தது தடியடியும் கைதும்.

மூன்று அலை, வைதும் அடித்தும் வருத்துவது. இதற்குத் தேதி போட முடியாது. 'சாமி' என்று கூப்பிடாவிட்டால் வசவு, டீக்கடையில் தனி டம்ளர், செருப்போடு தெருவில் நடந்தால் அடி. எங்கள் தாத்தன் பாட்டியின் வயசெல்லாம் இதில்தான் போயிற்று.

நான்கு கொலை. 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், கண்காணிப்பு கேமராவின் கண் முன்னால் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டான்.

இலக்கணம் சொன்ன நான்கு காரணமும் முழுசாக இருக்கிற இடத்தில் கோபம் இல்லையென்றால்தான் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஹெவி மெட்டல், பங்க் போன்ற முரட்டு இசை கேட்கிற 39 பேரை முதலில் கோபமூட்டினார்கள். பிறகு சிலரைப் பத்து நிமிடம் அவரவர் விருப்பப் பாட்டைக் கேட்க வைத்தார்கள், மற்றவர்களைச் சும்மா உட்கார வைத்தார்கள். பாட்டு கேட்டவர்களின் கோபம் ஏறவில்லை, மனம் தெம்பானது என்பது முடிவு. முரட்டு இசை இளைஞர்களை வெறியர்களாக்கும் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு இது நல்ல பதில்தான். ஆனால் நம் நண்பர்கள் இதையே வடிகாலுக்குச் சான்றாகக் கொண்டுவருகிறார்கள். அங்கே கோபத்தை நினைவிலிருந்து கிளப்பினார்கள். பத்து நிமிடம் முடிந்து கதவைத் திறந்தால் வெளியே சுவர் ஒன்றும் சாய்ந்து கிடக்காது. எங்கள் கோபத்தின் காரணம் பாட்டு முடிந்த பிறகும் தெருமுனையில் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. நோய் அவனுக்கு, மருந்து எனக்கா?

இந்த ராக் யார் வீட்டுப் பிள்ளை என்பதையும் பேச வேண்டும். கல்லூரி விழாக்களில் கறுப்புச் சட்டை போட்டுத் தலையை ஆட்டுகிற மேட்டுக்குடிப் பையன்களுக்கு அது அமெரிக்கச் சரக்கு. அது பிறந்தது பருத்திக் காட்டில். மில்லும் பஞ்சுமாகப் பிழைத்த கோயம்புத்தூர்க்காரனுக்கு இது புரிய வேண்டும். பருத்தி பறித்த கறுப்பு அடிமைகளின் முனகலிலிருந்தும் கூவலிலிருந்தும் புளூஸ் வந்தது, அதிலிருந்து ராக் வந்தது. 'ஹவுண்ட் டாக்' பாட்டை 1952இல் முதலில் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பெண். 1956இல் அதைப் பாடி உலகப் புகழ் பெற்றவர் எல்விஸ் பிரெஸ்லி என்ற வெள்ளை ஆண். நம்முடைய சாவுக்கூத்தின் அடியை எடுத்து சினிமாக்காரன் குத்துப் பாட்டு ஆக்கினானே, அதே கதை. அடி வேண்டும், அடித்தவன் வேண்டாம்.

1963 செப்டம்பர் 15 அன்று பர்மிங்ஹாம் நகரத்துக் கறுப்பர் தேவாலயத்தில் வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டுக்கு நான்கு சிறுமிகள் பலியானார்கள். செய்தி கேட்ட நினா சிமோன் வீட்டிலிருந்த சாமான்களை வைத்துத் துப்பாக்கி செய்ய உட்கார்ந்தார். பிறகு பியானோவுக்கு மாறி ஒரு மணி நேரத்துக்குள் 'மிஸிஸிப்பி காடேம்' என்ற பாட்டை எழுதி முடித்தார். அது ராக் அல்ல. ஆனால் கோபத்திலிருந்து பாட்டு எப்படி வருகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. 1964இல் இசைத்தட்டு வெளிவந்தபோது தென்மாநிலத்து வியாபாரி ஒருவர் தட்டுகளை இரண்டாக உடைத்துத் திருப்பி அனுப்பினார். பாட்டில் கோபம் வடிந்து போயிருந்தால் அவர் ஏன் உடைக்க வேண்டும்? அந்தக் கோபம் ஒரு பெண்ணின் வீட்டிலிருந்து கிளம்பி வெள்ளைக்காரன் வீட்டு வாசலுக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

இங்கேயும் நடந்திருக்கிறது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 19 பேர். சாதிபேதமற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து வந்த பெயர். கானா, பறை, சட்டி, கிட்டார், ராப் எல்லாம் ஒரே மேடையில். இட ஒதுக்கீட்டைப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பாடினார்கள், ஜெய்பீம் என்று பாடினார்கள். கானா ஆண்களின் கோட்டை என்றிருந்த இடத்தில் இசைவாணி நின்று பாடினார். சபரிமலையில் பெண்களுக்கு அனுமதி கேட்டு 2018இல் அவர் பாடிய பாட்டுக்காக 2024இல் அவருக்கு மிரட்டல் வந்தது. வடிந்துபோன கோபத்துக்கு ஆறு வருஷம் கழித்து எவனாவது மிரட்டல் விடுவானா?

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. காந்திபுரத்தில் எங்கள் பகுதிப் பையன்கள் நாலு பேர், ரெண்டு தப்பட்டை, ஒரு செகண்ட் ஹேண்ட் கிட்டார், தவணையில் வாங்கிய டிரம்ஸ் என்று ஒரு குழு வைத்திருக்கிறார்கள். நாடூரைப் பற்றி அவர்களே கட்டிய பாட்டு ஒன்று உண்டு. இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் விழாவுக்குக் கூப்பிட்டார்கள். பாட்டைக் கேட்டார்கள். "மியூசிக் பட்டாசா இருக்குதுங்க தம்பி. நல்லா அடிங்க. அந்த வார்த்தைக மட்டும் வேண்டாமுங்க. வெறும் அடி போதும்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

வெறும் அடி போதும். இது புதுப் பேச்சா? எங்கள் ஊரில் நோம்பி சாட்டினால் அடி, எழவு விழுந்தால் அடி, அடித்து முடித்ததும் வாசலுக்கு வெளியே துண்டை ஏந்தி நில் என்பதுதானே சட்டம்? அமெரிக்காவில் 1739இல் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் முரசு முழக்கிக் கலகம் செய்தார்கள். மறுவருஷமே தென் கரோலினாவில் சட்டம் போட்டு அடிமைகளிடமிருந்து முரசைப் பறித்தார்கள். முரசு பேசும் என்று அந்த எசமானுக்குத் தெரிந்திருந்தது. நம் எசமான் அவனைவிடக் கெட்டிக்காரன். முரசைக் கழுத்தில் மாட்டிவிட்டு வாயைப் பறித்தான். ஐந்திணைக்கும் உரிய கருப்பொருளாகத் தொல்காப்பியம் சொன்ன பறை, அடிமை வேலையாக ஆனது அப்படித்தான். அந்த இழிவுக்காகவே பறையைத் தொடமாட்டேன் என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு, அவர்கள் கோபத்துக்குத் தலை வணங்குகிறேன். சங்கரைப் பறிகொடுத்த பிறகு கௌசல்யா அதே பறையைக் கற்று எடுத்து அடித்தார், அந்தக் கோபத்துக்கும் தலை வணங்குகிறேன். விட்டவரும் எடுத்தவரும் தங்கள் வாயை யாரிடமும் கொடுக்கவில்லை.

ஆகவே இளைய தோழர்களுக்குச் சொல்கிறேன். கிட்டாரை எடுங்கள். அது அந்நியம் என்று தமிழ்ப் பண்பாட்டுக் காவலர்கள் சொன்னால், பருத்திக் காட்டு உறவு என்று சொல்லுங்கள். சுருதி சுத்தமாகப் பழகுங்கள், கோபம் சோம்பலுக்குச் சாக்கு அல்ல. பாட்டில் ஊர் பெயரும் தேதியும் இருக்கட்டும். பெயரில்லாத கோபத்தை எந்தக் கம்பெனியும் பனியனில் அச்சடித்து விற்றுவிடும். நாடூர் என்று போட்டால் விற்க மாட்டான். மேடை தருகிறவன் வார்த்தையை வெட்டினால், மேடையை அவனிடமே விட்டுவிட்டு வாருங்கள்.

எங்கள் பையன்கள் அந்தக் கல்லூரிக்குப் போகப்போவதில்லை. வருகிற ஏப்ரல் 14 அன்று எங்கள் தெருவிலேயே அடிக்கிறார்கள், பாடுகிறார்கள். 17 பேரின் பெயரும் பாட்டில் வரும். கேட்கத் தெம்பு இருக்கிறவர்கள் வாருங்கள். வடிகால் தேடுகிற நண்பர்கள் மாநகராட்சியில் மனுக் கொடுக்கலாம்.