செய்திப் படங்களும் மறைக்கப்பட்ட மக்களும்

கமெரா பொய் சொல்லாது என்பது பலரின் நம்பிக்கை. பழைய அமெரிக்கச் செய்திப் படங்கள் இணையத்திலே குவிந்து கிடக்கும் இக்காலத்தில் அந்நம்பிக்கைக்குப் புதிய செல்வாக்கு உண்டாகியிருக்கிறது. நியூயோர்க்கின் அகன்ற வீதிகள், சிக்காகோவின் அணிவகுப்புகள், தொப்பியணிந்த கனவான்கள், நகர பிதாக்கள் நாடா வெட்டும் விழாக்கள் ஆகியவற்றைக் காணும் நம் மாணவர் சிலர், அக்காலத்து வாழ்க்கை இதுதான் என்று முடிவு கட்டிவிடுகின்றனர். ஆசிரியர் சிலரும் அவற்றை வகுப்பறையிலே காட்டி, வரலாற்றைக் கண்முன் நிறுத்திவிட்டதாகத் திருப்தி கொள்கின்றனர். அத்திருப்தி ஆபத்தானது என்பதே நமது வாதம்.

செய்திப் படம் என்பது யாது? 1929 முதல் 1967 வரை யூனிவர்சல் நிறுவனம் வாரத்துக்கு இருமுறை செய்திச் சுருள்களை வெளியிட்டு வந்தது. பரமவுண்ட், பொக்ஸ் முதலிய நிறுவனங்களும் இவ்வியாபாரத்தில் ஈடுபட்டிருந்தன. சினிமாவுக்கு வந்தவரைப் பெரிய படம் தொடங்குமுன் சில நிமிடம் மகிழ்விக்கும் சரக்கு அது. சரக்கை விற்பவன் எதைக் காட்டுவான், எதைப் பூட்டி வைப்பான் என்பதை அறிய நாம் வெகுதூரம் தேடவேண்டியதில்லை. சிக்காகோவே சான்று பகரும்.

1937ஆம் ஆண்டு மே 30ஆம் திகதி, சிக்காகோவின் தென்பகுதியிலுள்ள றிபப்ளிக் உருக்காலையை நோக்கி வேலைநிறுத்தக்காரர் ஊர்வலமாகச் சென்றனர். தொழிற்சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. பெண்களும் பிள்ளைகளும் அவர்களோடு இருந்தனர். வழிமறித்து நின்ற பொலிஸார் சுட்டனர். பத்துத் தொழிலாளர் உயிரிழந்தனர். பத்திரிகைகள் பல அதனைக் கலகக் கும்பலின் தாக்குதல் என்றே வருணித்தன. ஆனால் பரமவுண்ட் நிறுவனத்தின் கமெராக்காரர் ஒருவர் அங்கே நின்று படம்பிடித்திருந்தார். சுடுதல் தொடங்கிய கணத்தில் அவர் வில்லையை மாற்றிக்கொண்டிருந்தமையால் அச்சில விநாடிகள் சுருளில் இல்லை. ஓடுகின்ற மக்களைப் பொலிஸார் துரத்தித் துரத்தி அடிக்கும் காட்சி இருந்தது.

நிறுவனம் என்ன செய்தது? காட்டினால் கலவரம் மூளும் என்று காரணங்கூறிச் சுருளைப் பூட்டி வைத்தது. செனற் சபையின் லாபொலற் குழு அதனை வரவழைத்துப் பார்த்த பின்னரே அது வெளிச்சத்துக்கு வந்தது. அப்பொழுதும் சிக்காகோப் பொலிஸார் தம் நகரில் அதனைக் காட்டத் தடை விதித்தனர். கொலைகள் நியாயமானவை என மரண விசாரணை தீர்ப்பளித்தது. சுட்டவர் எவரும் தண்டிக்கப்படவில்லை.

இதிலிருந்து நாம் கற்பது யாது? கமெரா அன்று பொய் சொல்லவில்லை. கமெராவின் சொந்தக்காரர் அதன் வாயைக் கட்டினர். ஆகவே செய்திப் படத்தைக் காணும் ஒவ்வொரு தடவையும் இதற்குப் பணம் கொடுத்தவர் யார், இங்கே காணாமற் போனவர் யார் என்று கேட்பது நமது கடமையாகின்றது.

நீர்வேலியின் வாழைத் தோட்டங்களுக்கிடையே இருந்துகொண்டு சிக்காகோவைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நகைக்கலாம். நம் நாட்டையே நோக்குவோம். பசில் றைற் 1934இல் எடுத்த 'இலங்கையின் கீதம்' உலகம் மெச்சிய படம். தேயிலைப் பிரசாரச் சபையின் பணத்தில் எடுக்கப்பட்டது அது. சந்தை விலை பேசும் குரல்கள் அதிலே கேட்கின்றன. கொழுந்து பறிப்பவளின் கூலிக் கணக்கைச் சொல்லும் குரல் கேட்பதில்லை. 1948இல் அரசாங்கத் திரைப்படப் பிரிவு தோன்றியது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் போன்ற கலைஞர் அங்கே பணிபுரிந்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதை விட்டு வெளியேறிய பின்னரன்றோ அவர் 1956இல் 'ரேகாவ'வைத் தந்தார்! தகவற் பகுதியின் கீழ் இயங்கும் கமெரா முதலில் மந்திரியைத்தான் தேடும்.

அத்தகைய கமெரா ஒன்று அக்காலத்தில் நம் செம்மண் பூமிக்கு வந்திருந்தால் எதைப் பிடித்திருக்கும்? தேர்த் திருவிழாவைப் பிடித்திருக்கும். துலா ஏறி இறங்கும் அழகைப் பிடித்திருக்கும். துலா மிதித்தவன் அக்கிணற்றிலே தன் கையால் நீரள்ள முடியாதிருந்ததைப் பிடித்திருக்குமா? 1930ஆம் ஆண்டளவில் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமரவேண்டும் என்ற விதி வந்தபோது, அதை எதிர்த்துக் கொதித்தெழுந்த பெரிய மனிதரைப் பிடித்திருக்குமா? 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் தேநீர்க் கடைகளிலே தனிக் குவளை நீடித்தது. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி, சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் பொலிஸாரின் தடியடியையும் பொருட்படுத்தாது நடந்தனர் நம் மக்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலிலே வழிபாட்டுரிமை கேட்டு நின்றனர். இவையன்றோ நமது பொதுவாழ்வின் செய்திகள்!

அன்று ஏழையிடம் கமெரா இல்லை என்பது உண்மை. இன்று? ஒவ்வொருவர் கையிலும் கைத்தொலைபேசி உண்டு. திருமண வீட்டையும் பூப்புனித நீராட்டு விழாவையும் ஆகாயத்திலிருந்தும் படம்பிடிக்கின்றோம். நாடா வெட்டும் பிரமுகருக்கும் குறைவில்லை. பழைய செய்திச் சுருளின் புத்தி நமது பையிலேயே வந்து குடியேறியிருக்கிறது. முதலாளியைக் குற்றஞ்சாட்டும் நாம் இந்த அடிமைப் புத்தியைக் கண்டும் காணாதிருப்பது தகுமா?

வழி இல்லாமலில்லை. ஏ. கே. செட்டியார் பல நாடுகளில் சிதறிக் கிடந்த சுருள்களை அலைந்து திரட்டி, 1940இல் காந்தியடிகளைப் பற்றிய ஆவணப் படத்தை வெளியிட்டார். பிறர் எடுத்த படத்தையும் மக்களின் வரலாறாக்கலாம் என்பதற்கு ஒரு தமிழரின் உழைப்பே சான்று.

1966இல் இருபது வயது வாலிபராக நடந்தவர் இன்று எண்பதை எட்டுகின்றார். அவர் சொல்லும் வார்த்தை அவரோடு போய்விடும். ஆசிரிய நண்பர்களே, உங்கள் மாணவரை அவரிடம் அனுப்புங்கள். துலா மிதித்தவரையும் சுருட்டுச் சுற்றியவரையும் தோட்டத்திலே கூலிக்கு நின்ற பெண்களையும் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். பதிந்ததை ஓரிடத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஒரே கூரையின் கீழ்ச் சேர்த்த செல்வம் என்னவாகும் என்பதை 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது கண்டோம்.

சிக்காகோத் தொழிலாளருக்குச் சாட்சி சொல்ல ஒரு சுருளாவது எஞ்சியது. நம் மக்களுக்கான சாட்சியத்தை நாமே உண்டாக்க வேண்டும். அதற்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.