குப்பியில் விற்கிற பசி

கொழும்பிலிருந்து லீவுக்கு வந்த நம்ம பொடியன் ஒருத்தன் கேட்டான்: “ஐபமொரெலினா, சிஜேசி 1295ஆ, எது நல்லம் மச்சான்?” ஜிம்மில் யாரோ குப்பி காட்டியிருக்கிறார்கள். உடம்பும் ஏறும், உயரமும் கூடுமாம்.

சரி, ஒப்பிட்டே பார்ப்போம். இவை இரண்டு சாதி. மூளை பிட்யூட்டரி சுரப்பிக்கு அனுப்பும் ‘வளர்ச்சி ஹோர்மோனை விடு’ என்ற கட்டளையைப் போலச் செய்பவை செர்மொரெலின், டெசாமொரெலின், சிஜேசி 1295. மற்றவை கிரெலினைப் போல நடிப்பவை: ஜிஎச்ஆர்பி 2, ஜிஎச்ஆர்பி 6, ஐபமொரெலின். கிரெலின், வெறும் வயிறு சுரக்கிற பசி ஹோர்மோன். 1999இல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தது. ஜிஎச்ஆர்பி 6 போட்டால் அகோரமாய்ப் பசிக்கும், கோர்ட்டிசோலும் கூடும். ஐபமொரெலினில் அந்தத் தொல்லை குறைவு, அதனால்தான் அதற்கு மவுசு. ஆனால் ஐபமொரெலினும் சிஜேசியும் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றதே இல்லை. டெசாமொரெலினுக்கு 2010இல் கிடைத்தது, அதுவும் எச்.ஐ.வி. நோயாளிகளின் வயிற்றுக் கொழுப்புக்கு. விளையாட்டில் எல்லாமே தடை. எலும்பு முனை மூடிய பிறகு எதைக் குத்தினாலும் ஓர் அங்குலம் உயரப் போவதில்லை.

காசு கொடுத்துப் பசி வாங்குகிறோமா? மலையகத்திலா? அதுதான் எங்களுக்கு எரிகிறது.

“நம்ம ஆக்கள் கட்டை, அது பரம்பரை” என்று சொல்பவர்களுக்கும் இதே குப்பியைக் காட்ட வேண்டும். 2016ஆம் ஆண்டு சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் 32 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். முழு நாட்டுக்கும் அது 17. ஹோர்மோன் பற்றாக்குறையா? இல்லை. சாப்பாடு போதாத பிள்ளையின் இரத்தத்தில் வளர்ச்சி ஹோர்மோன் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். ஆனால் புரதமும் சக்தியும் இல்லாமல் ஈரல் அந்தக் கட்டளையை ஏற்காது. எலும்பை வளர்க்கும் ஐஜிஎஃப் 1ஐச் சுரக்காது. கட்டளை போய்க்கொண்டேதான் இருக்கிறது, சட்டியில்தான் ஒன்றுமில்லை.

அம்மா விடிய பிரட்டுக்களத்தில், பிள்ளை பிள்ளைக்காம்பராவில், கையில் ரொட்டியும் சம்பலும். வருசக்கணக்காய்க் கத்தி 2021இல் 1000 ரூபாய் சம்பளம் வந்தது. அடுத்த வருசமே கோதுமை மா விலை அதைத் தின்றுவிட்டது. இதுக்குப் பேர் பரம்பரையாம்!

அந்தப் பொடியனின் அக்கா பிள்ளைக்கு இரண்டு வயது. கிளினிக் காட்டில் நிறைக்கோடு மூன்று மாதமாய் ஏறவில்லை. ஒரு குப்பிக் காசுக்கு எத்தனை முட்டை வரும் என்று கேட்டோம். போனை எடுத்துக் கணக்குப் போட்டான். பிறகு சிஜேசி பற்றிப் பேசவில்லை.