ஏலவார்குழலி என்று முழுப்பெயர் சொல்லி அழைப்போம்

காமாட்சி என்று குரல் கொடுத்தால் நம் காஞ்சியில் நாலு வீட்டுக் கதவு திறக்கும். ஏலவார்குழலி என்று அழைத்தால் திறக்கும் கதவு அரிது. ஏகாம்பரநாதர் திருக்கோயிலில் அம்மைக்கு வழங்கும் பெயர் அது. சுந்தரர் இவ்வூரில் பாடிய தேவாரப் பதிகத்திலும் இடம்பெற்ற பழம்பெயர். ஊருக்கே உரிய அப்பெயரைப் பெண்மகவுக்கு இட நம் பெற்றோர் ஏன் தயங்குகின்றனர்? நீளமாம், வாயில் நுழையாதாம், பள்ளியில் கேலி செய்வார்களாம். கடைசிக் காரணம் பள்ளியைத் தொடுவதால் இம்மலரில் இதைப் பேசத் துணிந்தோம்.

ஏலம் என்பது கூந்தலில் பூசும் நறுஞ்சாந்து. வார் என்றால் நீண்ட. மணம் கமழும் நீள்கூந்தலுடையாள் என்பது பொருள். ஏலம் என்றதும் சிலருக்கு ஏலக்கடையில் கூவி விற்பதே நினைவுக்கு வரும், சிரிப்பும் வரும். அந்த ஏலம் போர்த்துக்கீசியரோடு கப்பலேறி வந்த சொல். இந்த ஏலமோ அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. ‘ஏலவர்’ என்று குறுக்குவோரும் உண்டு. வார் குறுகினால் கூந்தலும் குறுகிப் போகுமே!

முதலெழுத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய ஓலைகளில் எகரக் குறிலுக்குத்தான் மேலே புள்ளி. அதையும் பலர் இடுவதில்லை. எது குறில், எது நெடில் என்று மயங்க வேண்டியதுதான். இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர் (1680–1747) நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அம்மயக்கத்தைத் தீர்த்தார் என்று பாடத்தில் படித்திருக்கிறோம்.

ஆனால் உண்மையான சோதனை ழகரத்தில்தான். நாநுனி மேலே வளைந்து அண்ணத்தை மெல்ல வருட வேண்டும் என்கிறது தொல்காப்பியம். அழுத்தி ஒட்டினால் அது ளகரம் ஆகிவிடும். மேடையில் தமிழ்ப் பெருமை முழங்கிவிட்டுத் ‘தமில்’ என்று முடிப்போரை நாம் கேட்டதில்லையா? அவர்களிடம் நமக்குப் பொறுமை குறைவே. ஆயினும் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. வாழைப்பழத்தை ‘வாயப்பயம்’ என்னும் இப்பக்கத்துப் பாட்டி பேத்தியைக் ‘குயலி’ என்று கொஞ்சுவாள். அது அவள் பேச்சு. நம் நெசவாளர் குடும்பங்கள் சிலவற்றில் வீட்டுமொழி தெலுங்கு அல்லது கன்னடம். அம்மொழிகளிலும் முற்காலத்தில் இவ்வொலி இருந்து பின்னர் மறைந்தது. அவ்வீட்டுப் பிள்ளை தடுமாறினால் நகைப்பது அழகா? சொல்லித் தரலாமே.

இப்பெயரின் தங்கை ஒருத்தி மட்டும் செல்வாக்கோடு உலவுகிறாள். கல்கி 1950-இல் தொடங்கி எழுதிய ‘பொன்னியின் செல்வ’னில் கோடிக்கரை ஓடக்காரப் பெண் பூங்குழலி. 2022-இல் திரைப்படமும் வந்தபின் சின்னஞ்சிறுவருக்கும் அவளைத் தெரியும். ஆங்கிலத்தில் எழுதும்போதோ ழகரத்துக்காக ‘இசட்’, ‘எச்’ இரண்டையும் சேர்க்கிறோம். வெளிமாநிலத்தார் அதைக் கண்டு ‘பூங்குசாலி’ என்கின்றனர். 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றித் தமிழக அரசு 2020 ஜூனில் ஆணையிட்டு, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. ஊருக்கே இப்பாடு என்றால் குழந்தைக்கு?

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. வருகைப் பதிவேட்டை வாசிக்கும் ஆசிரியையர் ‘ஏலா’, ‘குழல்’ என்று நறுக்காமல் முழுப்பெயரையும் சொல்லட்டும். ஓராண்டு முழுதும் தினம் ஒருமுறை சரியாக ஒலித்தால் நாற்பது மாணவியருக்கு ழகரம் தானே வந்துவிடும். இலக்கண வகுப்பால்கூட ஆகாத காரியம் இது என்போம். பெற்றோருக்கும் ஒரு சொல். பெயரிடாமல் பதிந்த பிறப்பில் ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அவசரப்பட்டுச் சுருக்கப் பெயரைக் கொடுக்க வேண்டா. ஆங்கில எழுத்துக்கூட்டலை வீட்டிலேயே எழுதி எடுத்துச் செல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ் மூன்றிலும் அதே எழுத்துகள் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பார்த்து வாங்குங்கள்.