வழுவை விழுங்கப் பழக்கும் வகுப்புகள்



ஏ.எல். ஐ.சி.டி. செய்யும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக இதை எழுதுகிறோம். சில டியூஷன் வகுப்புகளில் பைத்தன் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளின் கொப்பிகளில் ஒரே பழக்கத்தைத்தான் பார்க்கிறோம். செய்நிரல் எங்கே நின்றுவிடுமோ என்று பயம் வந்தால் அங்கே ஒரு 'ட்ரை', கீழே 'எக்செப்ட்', அதற்குள் 'பாஸ்'. சிவப்பு எழுத்து வராது, சேரும் சரி போட்டுவிடுவார். இது படிப்பித்தல் அல்ல, பச்சையாகவே சொல்கிறோம்.

நம் பேலியகொடை மீன் சந்தையையே எடுங்கள். பெட்டிகளின் நிறையைக் கூட்டும் செய்நிரல் ஒன்று. ஒருவர் 12.5 என்பதை 12,5 என்று அடித்துவிட்டார். பைத்தனால் அதை எண்ணாக்க முடியாது, 'வெல்யூ எரர்' எழும். உள்ளே இருக்கும் ஃபங்ஷன் அதை 'பாஸ்' என்று விழுங்கினால் பன்னிரண்டரை கிலோ மீன் கணக்கில் இல்லை. கூட்டுத்தொகை மட்டும் அழகாக வந்து நிற்கும். நின்றுபோன செய்நிரல் இதைவிட எவ்வளவோ மேல்.

அந்த 'எக்செப்ட்'டுக்குள் எந்தப் பெட்டி என்று குறித்துவிட்டு, வெறும் 'ரெய்ஸ்' போட வேண்டும். அதே வழு, பிறந்த வரியின் விபரத்தோடு மேலே போகும். எங்கே போகும் என்று கேட்டால் "அடுத்த எக்செப்டுக்கு" என்கிறார்கள் பிள்ளைகள். இல்லை. அதே 'ட்ரை'யின் மற்ற 'எக்செப்ட்'கள் அதைத் தொடாது. சுற்றியுள்ள வெளி 'ட்ரை'தான் பிடிக்கும், பிடித்து அந்தப் பெட்டியின் நிறையைத் திரும்பக் கேட்கலாம். இடையில் 'ஃபைனலி' இருந்தால் அது ஓடிய பிறகே வழு வெளியேறும். அந்த 'ஃபைனலி'க்குள் யாராவது 'ரிட்டர்ன்' எழுதி வைத்திருந்தால் வழு அங்கேயே மாயம்!

பழைய நோட்ஸை ஃபோட்டோகொப்பி அடித்து விற்பவர்களுக்கும் ஒன்று. பைத்தன் 2இல், ஒரு 'எக்செப்ட்'டுக்குள் இன்னொரு 'ட்ரை' வந்து, அங்கே எழுந்த வேறு வழுவைச் சமாளித்த பிறகு வெறும் 'ரெய்ஸ்' போட்டால், மேலே போவது முதல் வழுவல்ல, உள்ளே சமாளித்து முடித்த இரண்டாவது. உண்மையான காரணம் தொலைந்துவிடும். பைத்தன் 3 இதைத் திருத்தி, முதல் வழுவையே அனுப்புகிறது. பைத்தன் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1உடன் முடிந்தது. நோட்ஸுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

"பரீட்சைக்கு இவ்வளவு தேவையில்லை" என்பார்கள். நாளை இந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் நம் பள்ளிவாசலின் ஸகாத் கணக்குக்குச் செய்நிரல் எழுதப்போகிறார். அதில் ஒரு பெயர் சத்தமில்லாமல் விடுபட்டால் போவது யாருடைய ஹக்?

பெற்றோரே, இந்த வாரம் கொப்பியைத் திறந்து பாருங்கள். 'எக்செப்ட்'டுக்குக் கீழே தனியாக 'பாஸ்' என்று இருந்தால், ஏன் என்று சேரிடமே கேளுங்கள்.