பாத்திமாவுக்கு எத்தனை எழுத்து?

தரம் இரண்டுப் பிள்ளையிடம் கேட்டால் நான்கு என்று சொல்லும். பிஎச்பி மொழியில் 'ஸ்ட்ர்லென்' போட்டுக் கேட்டால் 24 என்கிறது! அது எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை. யுனிகோடில் அரவு, விசிறி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். அப்படிப் பார்த்தால் பாத்திமாவில் 8. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒன்றுதான்.

இதனால் என்ன என்கிறீர்களா? பெயருக்கு 20 பைட் என்று வரம்பு வைத்து வெட்டும் விண்ணப்பப் படிவத்தில் 'பாத்தி' மட்டும் மிஞ்சும், பின்னால் ஒரு கேள்விக்குறிப் பெட்டி. பெற்றோரும் அலுத்துப்போய் பிள்ளையின் பெயரை ஆங்கிலத்திலேயே அடித்துவிடுகிறார்கள்.

மொழியில் பிழை இல்லை. அதே பிஎச்பியில் 'எம்பி ஸ்ட்ர்லென்' 8 என்றும் 'கிராஃபீம் ஸ்ட்ர்லென்' 4 என்றும் சரியாகச் சொல்லும். ஆங்கிலப் பெயரை மட்டும் போட்டுச் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்பதுதான் பிழை என்போம் நாங்கள். உயர்தரத்தில் பைதன் படிக்கும் எமது பிள்ளைகளின் முதல் பயிற்சியே தங்கள் சொந்தப் பெயரை, தமிழில், எண்ணுவதாக இருக்கட்டும். (பைதன் 3இன் 'லென்' 8 என்னும். ஏன் 4 இல்லை என்று அவர்களே கேட்பார்கள்.)

பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் இணையத்தளம் செய்து தரும் தம்பிமாரே, கையளிக்க முன் 'அப்துர் ரஹ்மான்' என்று போட்டுப் பாருங்கள். இடைவெளியோடு 43 பைட். ஒரு சிங்களப் பெயரையும் போடுங்கள், அங்கேயும் குறியீட்டுக்கு 3 பைட்தான்.